எதிர் எடை

மார்ச் 9

அன்புள்ள மருந்துக்காரிக்கு,

போனில் வேண்டாம், சொல்ல வேண்டியது இருந்தால் எழுதுங்கள் என்று நீ சொல்லிவிட்டுப் போய் இரண்டு மாதம் ஆகிறது. பேனா கிடைக்கவில்லை என்று ஆரம்பிக்க நினைத்தேன். பொய்யோடு ஆரம்பித்தால் நீ அடுத்த வரிக்குப் போகமாட்டாய். பேனா இருந்தது. சொல்வதற்குத்தான் ஒன்றும் இல்லை.

இப்போதும் பெரிதாக இல்லை. முதுகு அப்படியேதான் இருக்கிறது. கம்பெனியில் இனி என்னை லிஃப்ட் குழிக்குள் இறக்கமாட்டார்களாம். "இருபத்திரண்டு வருஷம் ஏறி இறங்கினது போதும், உட்காருங்க" என்று ஒரு போனுக்கு முன்னால் உட்கார வைத்துவிட்டார்கள். ஊரில் எந்த மூலையில் யார் லிஃப்டில் மாட்டிக்கொண்டு அலாரம் பொத்தானை அழுத்தினாலும் மணி என் மேஜையில் அடிக்கும். மெக்கானிக் போய்ச் சேரும்வரை நான் பேச்சுக் கொடுத்துக்கொண்டிருக்க வேண்டும். நேற்று ஒரு அம்மா முக்கால் மணி நேரம் மாட்டிக்கொண்டார். பொத்தானை விடவே இல்லை. "ஒரு தடவை அழுத்தினா போதும்மா. பத்து தடவை அழுத்தினா பத்து லிஃப்டா வரும்?" என்றேன். "நீ பேச்சை நிறுத்திட்டு ஆளை அனுப்புப்பா" என்றார். நிறுத்தினேன். கொஞ்ச நேரம் கழித்து அவரே, "பேச்சை நிறுத்திடாதே" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வாலு பேசுகிறாள். அவள் "அப்பா" என்றதும் பின்னால் ஒரு கதவு சாத்துகிற சத்தம் கேட்கிறது. கதவுச் சத்தத்தில் என்னை ஏமாற்ற முடியாது. மெதுவாகச் சாத்துகிறாய். ஓங்கிச் சாத்தினால்கூடத் தேவலை.

ஒரு கேள்வி. அடிபட்ட புதிதில் அரை மாத்திரையில் அடங்கின வலி, இப்போது வேளைக்கு இரண்டு போட்டும் எழுந்து போகமாட்டேன் என்கிறது. வலி வளர்ந்ததா, மாத்திரை சிறுத்ததா? டாக்டரைக் கேட்டேன். "டாலரன்ஸ்" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். நீ இன்னும் இரண்டு வார்த்தை கூடுதலாகச் சொல்வாய்.

இப்படிக்கு,
நான்காம் மாடியில் இருப்பவன்


மார்ச் 17

அன்புள்ள உங்களுக்கு,

கடிதம் கிடைத்தது. மூன்றாவது பத்தியிலிருந்து எழுத்து வலது பக்கம் சரிகிறது. நடுவில் எழுந்து போய் மாத்திரை போட்டிருக்கிறீர்கள். பதினெட்டு வருடமாக டாக்டர்களின் கிறுக்கலைப் படித்துச் சம்பளம் வாங்குகிறவள் நான். அதனால்தான் எழுதச் சொன்னேன். போனில் உங்கள் குரலைக் கேட்டால் நம்பிவிடுவேன்.

கேட்டதற்குப் பதில். மூளையிலும் முதுகுத்தண்டிலும் சில நரம்பணுக்களின் மேல் ஏற்பிகள் என்று சில இடங்கள் இருக்கின்றன. குறிப்பிட்ட பொருள் வந்து உட்கார்ந்தால் மட்டும் வேலை செய்யும் இடங்கள். அவை உங்கள் மாத்திரையில் இருக்கும் மார்ஃபினுக்காக ஏற்பட்டவை இல்லை. உடம்பே தனக்கென்று ஒரு வலி மருந்து செய்துகொள்கிறது, எண்டார்ஃபின் என்று பெயர். முழங்கால் கிழிந்தது தெரியாமல் குழந்தை ஓடி வருகிறதே, அப்போது அங்கே உட்கார்ந்திருப்பது அதுதான். மார்ஃபின் அதே இடத்தில் வந்து உட்காருகிறது. உட்கார்ந்ததும் வலிச் செய்தி மேலே போவது குறைகிறது.

ஆனால் தினமும் மூன்று வேளை உட்கார்ந்தால் நரம்பணு சுதாரித்துக்கொள்கிறது. சில ஏற்பிகளை உள்ளே இழுத்துக்கொள்ளும். வெளியில் இருப்பவையும் முன்போலப் பதில் சொல்லாது. உங்கள் லிஃப்ட் அம்மாவையே எடுத்துக்கொள்ளுங்கள். பொத்தானை விடாமல் அழுத்தினால் உள்ளே யாரோ எரிச்சலில் மணியின் வயரைக் கழற்றிவிடுகிறார்கள். வலி வளரவில்லை, மாத்திரை சிறுக்கவில்லை. கேட்பவர்கள் குறைந்துவிட்டார்கள். டாக்டர் டாலரன்ஸ் என்றது இந்தப் பழக்கத்தைத்தான்.

இதில் ஆபத்து ஒன்று உண்டு. மூளையில் மூச்சை ஓட்டும் இடத்திலும் இதே ஏற்பிகள்தான். வலி குறைவதில் பழக்கம் சீக்கிரம் வந்துவிடும், மூச்சு விஷயத்தில் அவ்வளவு சீக்கிரம் வராது. வலிக்காக ஏற்றிக்கொண்டே போகிறவர் மூச்சின் விளிம்பை நோக்கிப் போகிறார்.

டிசம்பரில் என் தம்பியின் புது வீட்டில் நடந்தது அதுதான். மத்தியானம் படுத்த உங்களை மூன்று மணிக்கு டீ குடிக்க எழுப்பப் போனது வாலு. "அம்மா, அப்பாவோட உதடு நீலமா இருக்கு" என்று வந்து நின்றாள். பத்து வயது. ஆம்புலன்ஸ்காரர் மூக்கில் மாற்று மருந்து அடித்து, அது ஏற்பிகளிலிருந்து மார்ஃபினைத் தள்ளிவிட்டு, உங்களுக்கு மூச்சு வந்தது. "எத்தனை போட்டீங்க?" என்று கேட்டேன். "ரெண்டுதான்" என்றீர்கள். தினமும் வீட்டில் போடும் இரண்டு உங்களை அப்படிக் கிடத்தாது. அதற்கு முன் நீங்கள் சொன்ன பொய்களும் எனக்குத் தெரியும். நான் மாற்றல் வாங்கிக்கொண்டு இந்த ஊருக்கு வந்தது மாத்திரைக்காக இல்லை.

வாலு இன்னும் உங்கள் கட்சிதான். "அப்பாதான் ரெண்டுன்னு சொன்னாரே, நீ ஏம்மா நம்பலை?" என்று சாப்பிடும்போது கேட்கிறாள், தலை பின்னும்போது கேட்கிறாள். கதவைச் சாத்திக்கொண்டு வெளியே போவது அதனால்தான்.

குடலுக்கு மட்டும் இந்த மருந்து அநேகமாகப் பழகவே பழகாது. தண்ணீர் நிறையக் குடியுங்கள். மலமிளக்கியை நிறுத்தாதீர்கள்.

இப்படிக்கு,
மருந்துக்காரி


ஏப்ரல் 6

அன்புள்ள மருந்துக்காரிக்கு,

குடலைப் பற்றி நீ சொன்னது நூற்றுக்கு நூறு சரி. என் உடம்பில் சொன்ன சொல் மாறாத உறுப்பு அது ஒன்றுதான்.

உன் கடிதத்தைக் காலையில் மாத்திரைக்கு முன்பே படித்தேன். இதையும் அப்படியே எழுதுகிறேன். பார்த்துக்கொள், கோடு நேராக இருக்கும், கை மட்டும் நடுங்கும்.

நீ ஏற்பிகள் என்று சொன்னதை நான் என் வழியில் யோசித்தேன். லிஃப்டில் ஏறுகிறவர்கள் மேலே மோட்டார் தூக்குகிறது என்று நினைக்கிறார்கள். கயிற்றின் மறுமுனையில் இரும்புக் கட்டிகளை அடுக்கித் தொங்கவிட்டிருப்போம், கவுன்ட்டர் வெயிட். ஆட்கள் ஏறுகிற சுமைக்கு எதிர் எடை. அது சரியாக இருந்தால் மோட்டாருக்குப் பெரிய வேலை இல்லை. என் உடம்பும் அதைத்தான் செய்திருக்கிறது. தினமும் மார்ஃபின் என்று ஒரு சுமை ஏறுவதைப் பார்த்துப் பார்த்து, எதிர்ப்பக்கம் கட்டிகளை அடுக்கிவிட்டது. இப்போது இரண்டு மாத்திரை ஏறினாலும் பெட்டி இருந்த இடத்தில் நிற்கிறது.

இன்னொன்று எங்கள் ஆட்களுக்கு மட்டும் தெரியும். ஆளில்லாத பெட்டியைவிட எதிர் எடை கனம். பிரேக் விட்டுப்போனால் காலி லிஃப்ட் கீழே விழாது, மேலே பறக்கும். கூரையில் போய் இடிக்கும். ஒரு வேளை மாத்திரை தவறினால் எனக்கு அடிபட்ட இடத்தில் மட்டுமா வலிக்கிறது? பல், முழங்கை, தலைமுடிகூட வலிக்கிறது. இப்போதுதான் காரணம் தெரிகிறது.

வலி டாக்டரிடம் போனேன். புதியவர், அடுத்த ஆளைக் கூப்பிட அவசரப்படாதவர். மாதம் மாதம் கொஞ்சமாகக் குறைக்கலாம், உடம்பு ஒவ்வொரு கட்டியாகத் தானே கழற்றிக்கொள்ளும் என்றார். கட்டி என்றது நான். அவர் வேறு ஏதோ சொன்னார்.

இப்படிக்கு,
காலி லிஃப்ட்


ஏப்ரல் 14

அன்புள்ள உங்களுக்கு,

எழுத்து நேராக இருக்கிறது. நடுக்கமும் இருக்கிறது. இரண்டையும் பார்த்தேன்.

உங்கள் எதிர் எடையை என் கவுன்ட்டரில் இரண்டு பேரிடம் சொன்னேன். ஒருவருக்கு நன்றாகப் புரிந்தது. இன்னொருவர் திரும்பிப் போகும்போது லிஃப்டைப் பார்த்துவிட்டு மூன்று மாடி படியிறங்கிப் போனார்.

ஒன்றை மட்டும் கல்லில் வெட்டி வைத்துக்கொள்ளுங்கள். கட்டிகளைக் கழற்றியபின் பழைய சுமையை ஏற்றினால் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. குறைத்துக்கொண்டு வந்தவர் ஒரு கெட்ட நாளில் "பழையபடி ஒரே ஒரு தடவை" என்று போடும்போதுதான் போய்விடுகிறார். அளவு பழையது, உடம்பு புதியது. மிச்ச மாத்திரை எங்காவது வைத்திருந்தால் மருந்துக் கடையில் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். வாங்கிக்கொள்வார்கள், கேள்வி கேட்கமாட்டார்கள்.

இங்கே விசேஷம் ஒன்றும் இல்லை. வீட்டில் மூன்று நாற்காலி. மூன்றாவதில் துவைத்த துணி மடித்து வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
மருந்துக்காரி


ஜூன் 2

அன்புள்ள மருந்துக்காரிக்கு,

மூன்றாவது முறை குறைத்து ஒன்பது நாள் ஆகிறது. கொட்டாவி நிற்கவில்லை. மூக்கு ஒழுகுகிறது. கால் தன்பாட்டுக்கு உதைக்கிறது, கட்டிலோடு ஒரு பகையும் இல்லாமலே. ஆபரேஷனில் முதுகில் போட்ட இரண்டு திருகையும் யாரோ முறுக்குகிற மாதிரி இருக்கிறது. விபத்தில் விழுந்த அன்றுகூட இவ்வளவு வலி இல்லை என்று எழுத நினைத்தேன். அன்று எனக்கு நினைவே இல்லை, அதனால் அதை எழுதுவது நியாயமில்லை.

வேலைக்கு மட்டும் போகிறேன். செவ்வாய்க்கிழமை ஒருவர் பதினோராவது மாடியில் மாட்டிக்கொண்டார். வழக்கம்போல "பயப்படாதீங்க சார், ஆள் வந்துட்டிருக்காங்க" என்றேன். "நான் பயப்படலை. நீங்க ஏன் சார் இப்படி மூச்சு வாங்குறீங்க?" என்றார்.

"உடம்பு சரியில்லை."

"வீட்ல யாரும் இல்லையா?"

"இருக்காங்க. வேற ஊர்ல."

"அப்ப நானும் நீங்களும் ஒண்ணு. சும்மா ஏதாவது பேசுங்க சார், மெதுவா வரட்டும் உங்க ஆளு."

மெக்கானிக் போய்க் கதவைத் திறந்தபோது அவர் எனக்குப் போனில் மூச்சுப் பயிற்சி சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தார். ஆபீஸ் முழுக்க இதுதான் இப்போது சிரிப்பு.

வாலுவிடம் எனக்குச் சளி என்று சொல்லியிருக்கிறேன். இதைப் பொய்க் கணக்கில் சேர்க்காதே.

இப்படிக்கு,
மேலே போய் இடித்தவன்


ஆகஸ்ட் 24

அன்புள்ள உங்களுக்கு,

ஜூலையில் நீங்கள் எழுதிய இரண்டு சிறு கடிதங்களும் கிடைத்தன. பாதிக்கும் கீழே குறைத்துவிட்டீர்கள் என்று படித்ததும் வேலைக்கு நடுவே அறைக்குள் போய்க் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். மிச்ச மாத்திரை பற்றி ஏப்ரலில் கேட்டேன். அதற்கு மட்டும் பதில் வரவில்லை.

இது வேறு விஷயம். நிதானமாகப் படியுங்கள்.

வெள்ளிக்கிழமை எங்களுக்கு ஒரு பயிற்சி வகுப்பு இருந்தது. பாடம் எடுத்தவர் பழைய ஆய்வு ஒன்றைச் சொன்னார். எலிகளுக்கு ஒரே கூண்டு அறையில் தினமும் போதை மருந்து கொடுத்துப் பழக்கினார்கள். பிறகு ஒரு நாள் எல்லாவற்றுக்கும் பெரிய அளவு ஒன்றைக் கொடுத்தார்கள். பாதி எலிகளுக்குப் பழகிய அறையில், பாதிக்குப் பார்த்தே இராத அறையில். அதே மருந்து, அதே அளவு. புது அறையில் ஏறத்தாழ இரண்டு மடங்கு எலிகள் செத்தன.

காரணம் என்ன தெரியுமா? பழக்கம் ஏற்பிகளில் மட்டும் இல்லை. பழகிய இடத்தைப் பார்த்தவுடனே மூளை, இதோ வரப்போகிறது என்று முன்கூட்டியே தயாராகிவிடுகிறது. உங்கள் பாஷையில் சொன்னால், ஆள் ஏறுவதற்கு முன்பே எதிர் எடையை ஏற்றி வைக்கிறது. சமையலறை வாசலில் அந்த நாற்காலி, பச்சை டம்ளர், எதிர்ச்சுவரில் கடிகாரம், மத்தியானம் இரண்டு மணி. தினமும் அதே இடத்தில்தானே போட்டீர்கள். என் தம்பி வீட்டில் அது எதுவும் இல்லை. சுவரில் பெயின்ட் வாசனைகூடப் போகாத அறை. மூளைக்கு எந்தச் சைகையும் கிடைக்கவில்லை. அதே இரண்டு மாத்திரை எதிர் எடை இல்லாத லிஃப்டில் ஏறியிருக்கிறது.

"ரெண்டுதான்" என்று நீங்கள் சொன்னது உண்மையாக இருந்திருக்கலாம். வகுப்பில் அதற்குமேல் எதுவும் என் காதில் விழவில்லை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். ஒரு நாளைக்கு ஆயிரக்கணக்கில் மாத்திரை எண்ணுகிறவள் நான். அன்று கட்டிலடியில் கிடந்த உங்கள் மாத்திரை அட்டையை மட்டும் எண்ணவில்லை. பார்க்காமலே எடுத்துக் குப்பையில் போட்டேன். பார்க்க வேண்டியதில்லை, எனக்குத்தான் தெரியுமே என்று நினைத்தேன். எட்டு மாதமாக ஒரு குழந்தை கேட்ட கேள்விக்கு எழுந்து வெளியே போயிருக்கிறேன்.

நான் தவறு செய்துவிட்டேன் என்றால் அதை நீட்டிக்க விரும்பவில்லை. மாற்றல் மனு எழுதி வைத்திருக்கிறேன். அக்டோபரில் வாலுவுக்கு விடுமுறை. திரும்பி வந்துவிடட்டுமா?

உங்கள்,
மருந்துக்காரி


செப்டம்பர் 14

அன்புள்ள உங்களுக்கு,

மூன்று வாரம் ஆகிறது. வாலு ஞாயிற்றுக்கிழமை பேசினாள், அதனால் நீங்கள் நன்றாக இருப்பது தெரியும். கடிதம் தவறிப்போயிருந்தால் சொல்லுங்கள், மறுபடி எழுதுகிறேன். கோபம் என்றால் அதையாவது எழுதுங்கள்.

மனுவை இன்னும் கொடுக்கவில்லை.


செப்டம்பர் 21

அன்புள்ள மருந்துக்காரிக்கு,

கடிதம் தவறவில்லை. சமையலறை நாற்காலியில் உட்கார்ந்துதான் படித்தேன்.

நாலு.

வீட்டில் எப்போதும் இரண்டு, அது உண்மை. அன்று காரில் ஐந்து மணி நேரம் உட்கார்ந்து வந்தோம். இறங்கியதும் உன் தம்பி, "மச்சான், மொட்டை மாடிக்கு வாங்க, காத்து எப்படி வருது பாருங்க" என்று மூன்று மாடி ஏற்றிவிட்டான். லிஃப்ட் இல்லாத வீட்டைக் கட்டிவிட்டு லிஃப்ட்காரனைக் கூப்பிட்டிருக்கிறான். கீழே வந்து கதவைச் சாத்தி, முதலில் இரண்டு போட்டேன். கால் மணி நேரம்கூடக் காத்திருக்கவில்லை. இன்னும் இரண்டு. உன் எலிக்கூண்டு ஆய்வை நான் சந்தேகப்படவில்லை. அந்த அறை ஒரு பங்கு செய்திருக்கும். மற்ற பங்கு நான் செய்தது.

மாற்று மருந்து அடித்ததும் எனக்கு மூச்சு வந்தது என்று எழுதியிருந்தாய். மூச்சுக்குப் பின்னாலேயே முதலில் வெளியே வந்தது பொய். அதை நான் யோசித்துச் சொல்லவில்லை. அதுவும் பழக்கம்தான்.

ஏன் மூன்று வாரம் என்று கேட்பாய். உன் கடிதத்தைப் படித்ததும் மாத்திரை போட்ட மாதிரி இருந்தது. வயிற்றிலிருந்து ஒரு இதம் பரவி, தோள் தளர்ந்து, திருகு எல்லாம் அடங்கி, இரண்டு வருடத்தில் அப்படி ஒரு மத்தியானம் எனக்கு வாய்த்ததில்லை. அவள் நம்புகிறாள், திரும்பி வருகிறாள், நான் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை. மறுநாள் மறுபடி எடுத்துப் படித்தேன். இதம் கொஞ்சம் குறைவு. அதற்கு மறுநாள் இரண்டு தடவை படித்தேன். மூன்றாவது வாரம் ஒரு நாளைக்கு ஏழெட்டுத் தடவை படித்தும் ஒன்றும் இல்லை, படிக்காவிட்டால் மட்டும் வலித்தது. அப்போதுதான் இது என்னவென்று எனக்குப் புரிந்தது.

மிச்ச மாத்திரையைப் பற்றிக் கேட்டாய். இருந்தது. கதவுக்குப் பின்னால் மாட்டியிருக்கும் என் பழைய ஹெல்மெட்டின் உள்பட்டைக்கும் ஓட்டுக்கும் நடுவில். ஜூனில் ஒரு மத்தியானம் நாலை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டேன். அளவு பழையது, உடம்பு புதியது என்று நீ எழுதியிருந்ததை வாய்விட்டுச் சொன்னேன். திரும்ப ஹெல்மெட்டில்தான் வைத்தேன். எறியவில்லை. அதையும் சொல்லிவிடுகிறேன்.

நேற்று எல்லாவற்றையும் தெருமுனை மருந்துக் கடையில் கொடுத்துவிட்டேன். அங்கே இருந்த பெண் தட்டில் கொட்டி ஐந்து ஐந்தாகத் தள்ளி எண்ணினாள். தள்ளும்போது உதடு அசைகிறது, உனக்கு அசைகிற மாதிரியே. முப்பத்தேழு. கையெழுத்துப் போட்டு ஒரு சீட்டுக் கொடுத்தாள், இதோடு வைத்திருக்கிறேன். கடையை விட்டு உடனே வர மனமில்லாமல் ஒரு சோப்பு வாங்கினேன்.

டாக்டர் சொன்ன கணக்குப்படி நவம்பரில் கடைசி அரை மாத்திரையும் போய்விடும். வலி முழுக்கப் போகாது, இதோடு இருந்துகொள்ளலாம் என்கிறார். இருந்துகொள்ளலாம்.

மனுவைக் கொடுக்காதே. எலிகளுக்காக நீ வர வேண்டாம்.

இப்படிக்கு,
லிஃப்ட்காரன்


செப்டம்பர் 27

அன்புள்ள உங்களுக்கு,

உங்கள் கடிதத்தைக் கவுன்ட்டரில் நின்றபடி படித்தேன். எழுத்து முதல் வரியிலிருந்து கடைசிவரை ஒரே கோட்டில் இருக்கிறது. "நாலு" என்ற இடத்தில் மட்டும் பேனா காகிதத்தைக் கிழித்திருக்கிறது.

கோபம் வந்தது. இப்போதும் இருக்கிறது. ஒரு மாதமாக மனசுக்குள் உங்களிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தேன். வாலுவின் முகத்தைப் பார்க்கவே கூசியது. அதற்கெல்லாம் நீங்கள் பதில் சொல்லத்தான் வேண்டும், ஒரு கடிதத்தில் தீராது.

ஆனால் நான் அந்த அட்டையை எண்ணவில்லை. உங்களைத் தவிர அதை எண்ணியவர் யாரும் இல்லை. நீங்கள் சொல்லாமல் இருந்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. அதையும் நான் கவுன்ட்டரில் நின்றபடியே யோசித்தேன். வரிசையில் இருந்தவர் "என்னம்மா, மருந்து இல்லையா?" என்று கேட்டார். இருக்கிறது என்றேன்.

மனுவைக் கொடுக்கவில்லை. கிழிக்கவும் இல்லை. டிராயரில் இருக்கிறது. சீட்டையும் அதன் மேலேயே வைத்திருக்கிறேன்.

அந்தப் பச்சை டம்ளரை யாருக்காவது கொடுத்துவிடுங்கள். நாற்காலியைச் சமையலறை வாசலிலிருந்து எடுத்து ஜன்னல் பக்கம் போடுங்கள். மூளை இடத்தை மறக்கக் கொஞ்ச நாள் ஆகும், ஆனால் மறக்கும்.

இனிமேல் எழுத வேண்டாம்.

ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு வாலு போன் செய்வாள். "அப்பா" என்பாள். முதலில் அவளிடம் நீங்களே சொல்லுங்கள், எத்தனை என்று. அழுவாள், அழட்டும், நீங்கள் போனை வைத்துவிடாதீர்கள். சொல்லி முடித்தபின் அம்மாவிடம் கொடு என்று கேளுங்கள். நான் பக்கத்தில்தான் இருப்பேன். இந்த முறை கதவுச் சத்தம் கேட்காது.

இப்படிக்கு,
மருந்துக்காரி